நாற்பத்து நான்காவது அட்டை

ஜூன் 12, 2014, வியாழன்

கை நீட்டியதற்குத் தண்டனையாக நோட்டுப் புத்தகம் கிடைத்த ஆள் இந்த வல்லநேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நடந்தது இவ்வளவுதான். அருங்காட்சியக ஆய்வுக்கூடத்தில் இரண்டாம் எண் எஃகு வில்லை மேசையில் கிடத்தித் துரு எடுத்துக்கொண்டிருந்தேன். மின்விளக்கு மாட்ட வந்தவன் என் தலைக்கு மேலேயே சுவரில் துளை போட ஆரம்பித்தான். சுண்ணாம்புத் தூள் ஐந்நூறு வருஷத்து எஃகின் மேல் கொட்டியது. "ஏல, நிறுத்துல" என்றேன். "ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்றான். கையுறையைக் கழற்றினேன். ஏணியிலிருந்து அவனை இறக்கி ஒன்று விட்டேன். பல் ஆடிவிட்டது போல. வாயைப் பொத்தியிருந்த கைவழியே ரத்தம் ஒழுகியது. அது சாமான்மேல் தெறித்துவிடக் கூடாதே என்று வில்லைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன். சாமானைக் காப்பாற்றுவதுதானே என் வேலை.

ரெஜினா மேடம் வந்தார். காப்பாட்சியராக வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. நாகர்கோவில்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மெமோ கொடுப்பார் என்று நின்றேன். இழுப்பறையிலிருந்து இந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார்.

"குத்தாலிங்கம் சார், கோவம் வர்ற அன்னைக்கெல்லாம் இதுல எழுதுங்க. நான் வாங்கிப் படிக்க மாட்டேன். நீங்க படிச்சா போதும்."

"கோவமே வரலன்னா மேடம்?"

"அதையும் எழுதுங்க. எனக்கும் ஆச்சரியமா இருக்கும்."

இருபத்திரண்டு வருஷமாக இந்த அரண்மனை அருங்காட்சியகத்தின் பழைய சாமான்களைத் துருவும் பூச்சியும் தின்றுவிடாமல் காப்பாற்றி வருகிறேன். ஜமீன்தார் சீமைக்குப் போன இடத்தில் ஏலத்தில் எடுத்துவந்த குறுக்குவில்கள் மூன்று இங்கே இருக்கின்றன. துப்பாக்கிக் கட்டையின் முனையில் ஒரு வில்லைக் குறுக்காக வைத்துக் கட்டினால் எப்படியிருக்கும், அப்படி. வெறுங்கையால் நாணை இழுக்க முடியாது. இழுத்து மாட்டுவதற்கென்றே இரும்புச் சாமான்கள் தனியாக உண்டு. மாட்டிய பிறகு விசையை ஒரு விரலால் தொட்டால் போதும், இரும்புச் சட்டை போட்டவனும் செத்தான். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி இவற்றுக்கென்று தனிக்கூடம் திறக்கிறார்கள். என் கையை நம்பித்தான் திறக்கிறார்கள். அதை வேறு யாரும் எழுத மாட்டார்கள் என்பதால் நானே எழுதிவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

வார விடுமுறை. கோபம் வரவில்லை. என் பெண்டாட்டி வடிவு காலையிலேயே கோவிலுக்குப் போனவள், நான் மத்தியானம் கண்ணயர்ந்த பிறகுதான் வந்தாள்.

ஜூன் 16, திங்கள்

மேடம் எல்லாவற்றுக்கும் புது நிலை அட்டை போடச் சொல்லிவிட்டார். வில் மூன்று, பல்சக்கர இழுவை இரண்டு, இரட்டைக் கவைக் கோல் ஒன்று, கப்பி ராட்டினம் ஒன்று, அம்புக்கூடு ஒன்று, குட்டை அம்புகள் முப்பத்தைந்து. மொத்தம் நாற்பத்து மூன்று. பல்சக்கர இழுவையை நாங்கள் ஜாக்கி என்போம். லாரி ஜாக்கியைப் போலவே கைப்பிடியைச் சுற்றச் சுற்றப் பல் பல்லாக ஏறும். கவைக் கோலுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே ஆட்டுக்கால். அட்டெண்டர் பீர்முகமது அதைப் பார்க்கும்போதெல்லாம் "சூப்பு வைக்கலாமா சார்" என்பார். பதினெட்டு வருஷமாக அதே பகடி.

அட்டை என்றால் சாதாரணமில்லை. சாமானின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கோட்டுப்படமாக வரைய வேண்டும். கீறல், நசுங்கல், துரு, பழைய பழுது எதுவானாலும் அது இருக்கும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் குறித்துப் பக்கத்தில் தேதி போட வேண்டும். கீழே "கையாளும் முறை". அதற்கும் கீழே "வரைந்தவர்", "சரிபார்த்தவர்". சரிபார்த்தவர் நான். என் கையெழுத்து இருக்கும் அட்டையில் இதுவரை ஒரு தப்புக் கண்டுபிடித்தவன் கிடையாது. மெட்ராஸிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்களே தோற்றுப் போனார்கள்.

இரண்டாம் எண் எஃகு வில்லில் ஒரு கீறல் கண்டேன். இடப்பக்கம், கட்டையோடு கட்டிய இடத்திலிருந்து மூன்றாவது அங்குலம், முடியளவு. பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. "கையாளும் முறை: நாண் இழுத்து மாட்டக்கூடாது. வெறுங்கையால் தொடக்கூடாது" என்று எழுதினேன். வேர்வைக் கை பட்ட எஃகில் முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்து விரல்தடம் அப்படியே துருவாக எழும்பி நிற்கும்.

படம் வரைய என் மகள் கோமதி வருகிறாள். ஒன்பதாம் வகுப்பு, பள்ளிக்கூடம் எதிரிலேயே. அவள் கை என் கையைவிடச் சுத்தம். அதை அவளிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

ஜூன் 19, வியாழன்

குழம்பில் உப்புக் கூடிவிட்டது. சொன்னேன். வடிவு முகத்தைத் திருப்பினாள். அப்புறம் அடுப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாள். தரையில் குழம்பு கிடந்தால் வழுக்கத்தானே செய்யும்.

குழம்புச் சட்டி எப்படித் தரைக்கு வந்தது என்பது கோபக் கணக்கில் சேருமா என்று மேடத்தைக் கேட்க வேண்டும்.

ஜூன் 21, சனி

கோமதி ஒரே நாளில் பதினொரு அம்புகளை வரைந்துவிட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பீர்முகமதுவிடம் ஆளுக்கொரு முட்டைபோண்டா வாங்கிவரச் சொன்னேன்.

சாப்பிடும்போது கேட்டாள், "அப்பா, பழைய அடிக்கும் புது அடிக்கும் எப்படி வித்தியாசம் பாக்கது?"

இந்தக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல்தானே இருபத்திரண்டு வருஷம் தவித்தேன். உட்காரவைத்துச் சொன்னேன். நிறத்தைப் பார். புது அடி ஒரு நிறம், ஆற ஆற வேறு நிறம். ஓரத்தைப் பார். புதுசு கூராக இருக்கும், பழசு மழுங்கியிருக்கும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று அடி விழுந்திருந்தால் எது மேலே, எது கீழே என்று பார். வெளியே தெரியாத அடியும் உண்டு. அதைச் சாமான் வேலை செய்கிற விதத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் அசையாமல் நிற்கும்.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். "தேதி தெரியலன்னா?" என்றாள்.

"தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு எழுதணும். ஊகிச்சு எழுதப்பிடாது."

தலையாட்டினாள். பீர்முகமது போண்டாவைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிள்ளை கிடையாது. ஏக்கமாக இருந்திருக்கும்.

ஜூலை 1, செவ்வாய்

பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுபது பேர் வந்தார்கள். மேடம் என்னைப் பேசச் சொன்னார். இந்தக் குட்டை அம்பு தொடையில் நுழைந்தால் தொடை, சேணம், குதிரை விலா என்று மூன்றையும் ஒன்றாகத் தைத்துவிடும் என்றேன். செத்தவனைக் குதிரையிலிருந்து பிரிக்க முடியாமல் அப்படியே இழுத்துப் போவார்கள் என்றேன். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி வாந்தி எடுத்தாள்.

மேடம் பேச்சை வாங்கி, அந்தக் காலத்தில் கிறிஸ்தவர்கள்மேல் இதை எய்யக்கூடாது என்று அவர்களின் சபையே தடை போட்டதாகச் சொன்னார். "மத்தவன்மேல எய்யலாமா மேடம்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "அப்படித்தான் நிறையப் பேர் வெச்சுக்கிட்டாங்க. வெளியில அடிச்சா தப்பு, உள்ள அடிச்சா கேள்வி இல்லன்னு நாம வெச்சிருக்க மாதிரி" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மின்விளக்குக்காரனை இன்னும் மறக்கவில்லை போல.

ஜூலை 8, செவ்வாய்

வடிவு அவள் தம்பிக்குப் போன் பண்ணியிருக்கிறாள். சங்கரபாண்டி நாக்பூருக்கு லாரி ஓட்டுகிறவன். வீட்டு விஷயத்தை நாக்பூர்வரை கொண்டுபோனால் எவனுக்குத்தான் பொறுக்கும்? போனைப் பிடுங்கினேன். இடப்பக்கச் செவிட்டில் ஒன்று விட்டேன், அதுவும் திறந்த கைதான். சுவரில் மோதித் திரும்பினாள். காதில் கொஞ்சம் ரத்தம். பஞ்சு வைத்துக்கொண்டாள்.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்.

ஜூலை 10, வியாழன்

கூப்பிட்டேன், திரும்பவில்லை.

ஜூலை 14, திங்கள்

மூன்று தடவை கூப்பிட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே நிற்கிறாள். திமிர் இப்படி அமைதியாக வந்தால் அதற்கு மருந்து கிடையாது. வலப்பக்கமாகப் போய் நின்றால் மட்டும் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். கோமதி நடுவில் புகுந்து, "அப்பா, என்ன வேணும்னு என்கிட்ட சொல்லுங்க" என்கிறாள். தாயும் மகளும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள்.

ஜூலை 19, சனி

இன்று கொலை விழுந்திருக்கும்.

இரண்டாம் எண் வில்லில் நட்டநடுவே ஒரு கட்டைவிரல் தடம் துருவேறி நிற்கிறது! வட்டம் வட்டமாக, ஸ்டாம்ப் பேடில் உருட்டி வைத்ததுபோல. எவனோ வெறுங்கையால் தொட்டிருக்கிறான். எனக்குக் கண் இருட்டியது. பீர்முகமதுவின் சட்டையைப் பிடித்து அலமாரியோடு சேர்த்து அழுத்தினேன். கழுத்தில் என் கை இருந்தது. அந்த மனிதர் துள்ளவில்லை, கத்தவில்லை. தன் கட்டைவிரலை என் கண்முன் தூக்கிக் காட்டினார்.

"மொதல்ல ஒப்பிட்டுப் பாருங்க சார். அதுக்கப்புறம் நெரிங்க."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தடத்தின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. பனங்காய் வெட்டும்போது அரிவாள் பட்ட தழும்பு. என் கட்டைவிரலில் இருப்பது. மின்விளக்குக்காரனை அடிக்கக் கையுறையைக் கழற்றினேனே, அந்தக் கையோடுதான் வில்லைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

பீர்முகமதுவும் பார்த்துவிட்டார். காலர் பித்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

தடத்தை எண்ணெய் போட்டுத் தேய்த்து எடுத்தேன். அதற்குள் கோமதி அட்டையில் அதைச் சிவப்பில் குறித்து, தழும்புக் கோடு உட்பட வரைந்து, "கைத்தடம், ஜூன் 12" என்று எழுதியிருக்கிறாள். தேதி இவளுக்கு எப்படித் தெரிந்தது? "பீர்முகமது மாமாட்ட கேட்டேன். ஊகிக்கல" என்றாள். அட்டையைக் கிழித்துப் போட்டு வேறு வரையச் சொன்னேன். வரைந்தாள். தடம் இல்லாமல்.

வீட்டுக்குப் போனேன். சோற்றில் ஒரு குறையும் இல்லை. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

சங்கரபாண்டி வந்தான். கூடத்தில் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"அத்தான், அக்கா போன்ல ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ கேக்கா. என்ன ஆச்சு?"

"வயசாவுதுல்லாடே."

"முப்பத்தாறு ஒரு வயசா அத்தான்? இந்தா பாருங்க, மரியாதைக்குத்தான் தனியா வந்திருக்கேன். அடுத்த தடவ தனியா வரமாட்டேன்."

காபி குடிக்காமல் போனான். நான் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன், நோட்டு இதற்குத்தானே கொடுக்கப்பட்டது. முடியைக் கையில் சுற்றிப் பிடித்து அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் இழுத்தேன். பெல்ட்டு அறுந்தது. எதையும் ஒப்புக்கொள்ளாமல் தலையைக் கவிழ்ந்தே வைத்திருந்தாள், அதனால் இடக்கையை முறுக்கினேன். மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறேன். கத்தக்கூட இல்லை அவள், மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். அடித்து முடித்ததும் எனக்குத்தான் அழுகை வந்தது. அதை யார் பார்த்தார்கள்?

கோமதி உள்ளறை வாசலில் நின்றாள். அழவில்லை. கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்திருப்பாள்.

ஜூலை 30, புதன்

இரண்டாம் எண் வில்லுக்குப் புது நாண் முறுக்கிக் கட்டினேன். காட்சிக்குத்தானே, தளர்வாகக் கட்டினால் போதும் என்றார் மேடம். நாண் தொங்கினால் வில் செத்த பாம்பு மாதிரி இருக்கும். அறுபது இழை சணல் நூலில் மெழுகேற்றி, விறைப்பாகக் கட்டினேன். விரலால் தட்டினால் சுருதி வருகிறது. நாணை யாராவது தட்டிக் காட்டினால்தானே மேடத்துக்குத் தெரியப்போகிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

அட்டைகள் முடிந்தன. கையெழுத்து வேலை. கோமதி எல்லாவற்றையும் விசிறிபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, "சரிபார்த்தவர்" வரி மட்டும் தெரியும்படி வைத்திருந்தாள். ஆபீஸில் சம்பளப் பட்டியலுக்கு இப்படித்தான் வைப்போம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் நான் முன்பே பார்த்தாகிவிட்டது. கரண்ட் வேறு இல்லை, வேர்த்து ஊற்றியது.

"இங்கப்பா... இங்கப்பா..." என்று விரல் வைத்துக்கொண்டே போனாள். மடமடவென்று போட்டுத் தள்ளினேன். கடைசியில் பேனாவை என் கையிலிருந்து வாங்கி மூடிவைத்தாள். அதற்குள் மூடியை இரண்டு தடவை கீழே போட்டாள். "என்ன பிள்ள, காய்ச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை.

பீர்முகமது அட்டைகளை எண்ணிவிட்டு, "நாப்பத்தி நாலு இருக்கே சார்?" என்றார்.

"வயசான காலத்துல உமக்கு எண்ணவும் வரலியா? கொண்டுபோய் மேடத்துட்ட குடும்."

கோமதியைப் பார்த்தார். கொண்டுபோனார்.

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டுக்கு வந்தேன். பூட்டு தொங்குகிறது. சாவி அடுத்த வீட்டில். வடிவின் இரண்டு சேலை இல்லை, கோமதியின் பை இல்லை, ரேஷன் கார்டு இல்லை. சோறு வடித்து மூடிவைத்திருக்கிறது.

அந்தச் சோற்றைப் பானையோடு தூக்கிச் சுவரில் அடித்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

சங்கரபாண்டியின் போன் அணைந்து கிடக்கிறது. அவன் லாரி சனிக்கிழமைதான் திரும்புமாம், ஷெட்டில் சொன்னார்கள். அப்படியானால் எங்கே போனாள்? பஸ்ஸ்டாண்டில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

மேடம் கூப்பிட்டு, "குத்தாலிங்கம் சார், நீங்க ஒரு வாரம் லீவு எடுத்துக்கங்க" என்றார். கண்ணைப் பார்க்காமல் பேசினார். திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது எவள் தன் கைக்காரனை லீவில் அனுப்புவாள்? ஆய்வுக்கூடச் சாவியைக் கேட்டார். வீட்டில் இருக்கிறது என்றேன். அது என் இடுப்பில் இருந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விடுமுறை. அரண்மனையில் ஆள் இல்லை. ஆய்வுக்கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜன்னல் வழியே பார்த்தால் பின்பக்கம் பழைய குதிரைலாயம் தெரியும். அதைத்தான் மேடத்துக்குக் குடியிருப்பாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே கொடியில் ஒரு பள்ளிக்கூடப் பாவாடை காய்கிறது. ஓரத்தில் மஞ்சள் நூல் தையல். நீல நூல் தீர்ந்துபோய் வடிவு மஞ்சள் நூலில் தைத்ததை நான் அன்றைக்கே திட்டினேன்.

என் பெண்டாட்டியை, என் பிள்ளையை, நான் வேலை பார்க்கிற இடத்திலேயே, எனக்கு நாற்பது அடி தூரத்தில் ஒளித்துவைத்திருக்கிறார்கள். பீர்முகமதுவும் உடந்தை.

இரண்டாம் எண் வில்லை எடுத்து வைத்திருக்கிறேன். ஜாக்கியும் ஓர் அம்பும். அந்தக் கீறலை எழுதினவனே நான், எனக்குத் தெரியாதா அது எவ்வளவு ஆழமென்று. ஒரு தடவை தாங்கும்.

கையுறை போடவில்லை. போகிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இடக்கையால் எழுதுகிறேன். ஒரு வரிக்கு வெகுநேரமாகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில். வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார். நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர் பீர்முகமது. என் கழுத்தைப் பார்த்தார், பிறகு தன் கழுத்தைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

குதிரைலாயத்துக்கு முன்னால் கிணற்றுச் சுவர் உண்டு. அதில் கட்டையைச் சாய்த்து, ஜாக்கியின் வளையத்தைப் பின்னாலிருந்து மாட்டினேன். கொக்கிகள் நாணைப் பிடித்தன. "வடிவு, வெளிய வா!" என்று கத்தினேன். கைப்பிடியைச் சுற்றினேன். கதவைத் திறந்தால் எய்வது, திறக்காவிட்டால் கதவோடு எய்வது. அவ்வளவுதான் என் யோசனை. அதை மறைத்து எழுத இப்போது தெம்பில்லை.

ஜாக்கி மெதுவான சாமான். சுற்றச் சுற்ற ஒவ்வொரு பல்லாக "டக்" என்று ஏறும். ஒரு முழுச் சுற்றுக்கு நாண் ஒரு விரற்கடைகூட நகராது. மனசு மாற நிறைய நேரம் கொடுத்துத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். எனக்கு மாறவில்லை. வில் முனகியது.

பாதி ஏறியபோது ஜன்னல் திறந்தது. கோமதி. அழுகையும் கத்தலுமாக, "அப்பா! ரெண்டாம் நம்பரு! எடப்பக்கம் மூணாவது அங்குலம்! விட்டுருங்கப்பா, ஒடையப் போவுது!"

எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. என்னைக் கண்டு ஓடி ஒளிந்த பிள்ளை என்னைக் காப்பாற்றத்தான் ஜன்னலைத் திறந்திருக்கிறது. அது இப்போது புரிகிறது. அப்போது, எனக்கே பாடம் சொல்கிறாளா என்றுதான் இருந்தது. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சத்தம் நினைவில்லை. இடப்பக்க எஃகு முழம் நீளத்துக்கு முறிந்து கதவில் போய்க் குத்தி நின்றதாம். இன்னொரு துண்டு என் வலக்கண்ணில். நாண் அறுந்து சுழன்றதில் வலக்கையின் கட்டைவிரலும் பக்கத்து விரலும் போய்விட்டன. கட்டைவிரல் கிணற்றுக்குள் விழுந்திருக்கும் என்கிறார்கள். துணியைப் போட்டு என் கையை இறுக்கிக் கட்டி, தலையை மடியில் தூக்கி வைத்தது யார் என்று டாக்டரைக் கேட்டேன். "உங்க மனைவிதான். ஒத்தக் கையாலயே கட்டியிருக்காங்க. இன்னொரு கையில மாவுக்கட்டுல்லா" என்றார்.

ஆகஸ்ட் 23, சனி

மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். அதிராமல் பேசுகிற அம்மா. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே எங்கள் நிலை அட்டை.

"இந்தக் கையெழுத்து உங்களுதா?"

ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. கீழ் வரியில், சரிபார்த்தவர், க. குத்தாலிங்கம். என் சுழிதான். மேலே பார்த்தேன்.

எண் 44. பொருள்: அம்மா. அளவு: ஐந்தடி ஒரு அங்குலம். ஒரு பெண்ணின் கோட்டுப்படம், முன்பக்கமும் பின்பக்கமும். அளவெல்லாம் கச்சிதம். படம் முழுக்கச் சிவப்பு. வலது தோளில் நான்கு விரல் தடம், ஜூன் 19. தொடையில் சூடு, ஜூன் 19, குழம்பு. கீழுதட்டில் கிழிசல், ஜூலை 19. முதுகில் பெல்ட்டு, ஒன்பது, ஜூலை 27. அதற்கடியில் பழையவை, மழுங்கிய ஓரம், எண்ண முடியவில்லை. இடது மணிக்கட்டு: முறிவு, ஜூலை 27. அதே இடத்தில் பழைய முறிவு, 2006, சரியாகக் கூடவில்லை. தகவல்: அம்மா.

இடது காது: வெளியே சேதம் இல்லை. ஜூலை 8 முதல் கேட்கவில்லை.

அந்த வரியை மூன்று தடவை படித்தேன். அடுப்பைப் பார்த்து நின்றாளே. கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நின்றாளே. அந்தத் திமிருக்கென்று தனியாக எத்தனை அடி கொடுத்தேன், அதுவும் அட்டையில் இருந்தது.

கையாளும் முறை: வெறுங்கையால் தொடக்கூடாது. இனி ஒரு தடவை தாங்காது.

வரைந்தவர்: கு. கோமதி.

"பிள்ள எப்பிடியோ நடுவுல செருகி வாங்கிட்டா, பாக்காமதான் கையெழுத்துப் போட்டேன்னு நீங்க சொல்லலாம்" என்றார் ஆய்வாளர். "வக்கீலும் அதத்தான் சொல்லச் சொல்லுவாரு. உங்க வாயால கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன். அட்டையில உள்ளது சரியா, தப்பா?"

இருபத்திரண்டு வருஷம். ஒரு தப்பு இல்லை. மறுபடியும் மேலிருந்து கீழே ஒவ்வொரு குறியாகப் பார்த்தேன். இடம் சரி. நிறம் சரி. தேதி சரி. ஊகம் ஒன்றுகூட இல்லை. இப்படி ஓர் அட்டையை நான் என் வாழ்நாளில் போட்டதில்லை.

"ஒண்ணு விட்டுப் போச்சு" என்றேன்.

"என்னது?"

"தலைக்குப் பின்னால, முடிக்குள்ள. ஏழு தையல். அம்மிக்கல்லு. பிள்ள பொறக்கதுக்கு ரெண்டு மாசம் முந்தி. அது பிள்ளைக்குத் தெரிய வழியில்ல. வடிவும் சொல்லியிருக்க மாட்டா."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார். "இத நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல. தெரியும்லா?"

"தெரியும்மா. அட்ட முழுசா இருக்கணும்லா."

ஆய்வாளர் குறிப்பேட்டை மூடினார். பிறகு பையைத் துழாவி ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தார். உறையிலிருந்து அட்டையை எடுக்க முடியாது என்றார். வெள்ளைத்தாளில் நானே ஒரு தலையை வரைந்தேன். இடக்கை, கோணலாக வந்தது. பின்பக்கம் சிவப்பில் ஏழு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, சரிபார்த்தவர் என்று கீழே என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.